மஞ்சள் கிணற்றுக்கு உமிக்கரி

உமி பார்ப்பதற்காக இந்தியாவுக்குப் போகிறேன் என்று சொன்னபோது ஈப்போ கல்லூரியில் என்னோடு வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். மலேசியாவில் இல்லாத உமியா, கெடா பக்கம் போனால் மலை மலையாகக் குவிந்து கிடக்கிறதே என்றார்கள். குவிந்து கிடப்பது உண்மைதான். அதை வைத்துத் தண்ணீரிலிருந்து குரோமியத்தைப் பிரித்தெடுக்கத் தெரிந்த ஆள்தான் எங்களிடம் இல்லை. எங்கள் கல்லூரிக்குப் பின்னால் முலாம் பூசும் பட்டறை ஒன்று இருந்தது. சைக்கிள் ஹேண்டில்பாரும் கதவுக் கைப்பிடியும் அங்கிருந்து பளபளவென்று வெளியே வரும். கூடவே மஞ்சள் தண்ணீரும் வந்து ஓடையில் கலக்கும். அந்த மஞ்சள்தான் குரோமியம். உடம்புக்குள் போனால் விஷம். திருச்சியில் ஒரு விரிவுரையாளர் இதே மஞ்சள் தண்ணீரை உமிக்கரி வழியாக விட்டுத் தெளிய வைக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவருக்கு எழுதிக் கேட்டு, வரச் சொல்லிப் பதில் வந்ததும் கிளம்பிவிட்டேன்.

இன்னொரு காரணமும் உண்டு. என் கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் ரேடியோவைத் தவிரப் பேசுவதற்கு எதுவும் இல்லை. எங்கேயாவது போனால் தேவலை என்று இருந்தது. எண்பதுகளின் தொடக்கம் அது.

தங்குவதற்கு ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் ஒரு மாடி அறை கிடைத்தது. வீட்டுக்காரர் வரதாச்சாரி, ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டியோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி, "தனியாவா வந்திருக்கேள்?"

ஆமாம் என்றேன்.

"ஆத்துக்காரர்?"

இல்லை என்றேன். "பெருமாள் இருக்கார். ஸ்நானம் பண்ணிட்டுப் போய் சேவிச்சுட்டு வாங்கோ" என்று சாவியைத் தந்தார்.

அன்றைக்கே அந்தத் 'தனியாவா'வை மெஸ்ஸில் இலை போட்டவர் கேட்டார், பூ விற்கிற அம்மாள் கேட்டாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் இறங்குகிற அவசரத்திலும் மறக்காமல் கேட்டுவிட்டு இறங்கினாள். ஈப்போவில் யாரும் கேட்பதில்லை. அங்கே நான் தனி என்பது எனக்கும் ரேடியோவுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இங்கே வந்த முதல் நாளே ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஒரு அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளலாமா என்று எரிச்சலாக வந்தது.

மெஸ்ஸில் பொங்கலும் கத்தரிக்காய் கொத்சும் பிரமாதம். குறை சொல்ல எதுவும் இல்லை, நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் ஆள் இல்லை. எங்கள் ஊர்க் காபி கறுப்பாக, டின் பால் ஊற்றி, ஸ்பூன் போட்டுக் கலக்க வேண்டியது. இங்கே டபராவில் ஆற்றிக் குடித்தால் நுரை மேலுதட்டில் ஒட்டிக்கொள்கிறது. என் கணவராக இருந்தால் இதில் சிக்கரி எவ்வளவு என்று அந்த மெஸ்காரரிடம் சண்டைக்கே போயிருப்பார். நான் பேசாமல் குடித்துவிட்டுக் கை கழுவினேன்.

மறுநாள் காலை ஒன்றாம் நம்பர் பஸ் பாலத்தில் ஏறியதும் காவிரியைப் பார்க்க ஜன்னல் பக்கம் சாய்ந்தேன். சித்திரை மாதம். ஆறு இருக்க வேண்டிய இடத்தில் மணல் இருந்தது. நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குத் தண்ணீர், அதில் பாதி எருமைகளுக்கு, பாதி துணி துவைக்கிறவர்களுக்கு. எங்கள் கிந்தா ஆறு சேறும் சகதியுமாக இருந்தாலும் வருடம் முழுக்க ஓடும். ஆனால் அதைப் பார்த்து யாரும் கன்னத்தில் போட்டுக்கொள்வதில்லை. இங்கே பஸ்ஸில் பாதிப் பேர் மணலைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

விரிவுரையாளர் சூசைராஜ் பாலக்கரையில் மாதா கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தார். மெலிந்த, வேகமாக நடக்கிற மனிதர். பரீட்சை மேற்பார்வை, ஞாயிறு பூசையில் பாட்டுக் குழு, மூன்று பிள்ளைகள் என்று அவருக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. "வாங்க டீச்சர், வாங்க. நடந்துகிட்டே பேசலாமா?" என்று சொல்லி ஒரு சந்துக்குள் கூட்டிப்போனார்.

சந்தின் முனையில் பாயின் முலாம் பட்டறை. அவர் பெயர் ஹக்கீம், எல்லோருக்கும் பாய். பட்டறையின் பின்பக்கம், கிணறு வெட்டும்போது இறக்குவார்களே அந்தச் சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பூசி, உள்ளே உமிக்கரி நிரப்பி வைத்திருந்தார் சூசைராஜ். மேலே மஞ்சள் தண்ணீரை ஊற்றினால் கீழே குழாயில் தெளிந்த தண்ணீர் சொட்டியது. நான் லேசில் நம்புகிறவள் இல்லை. கையோடு கொண்டுபோன மருந்துப் புட்டியை எடுத்தேன். குரோமியம் துளி இருந்தாலும் அந்த மருந்து பட்டதும் தண்ணீர் ஊதாவாகிவிடும். மேல் தண்ணீர் கத்தரிப்பூ நிறத்துக்கு வந்தது. கீழ்த் தண்ணீர் அப்படியே இருந்தது.

"புளிப்பான தண்ணியிலதான் கரி நல்லாப் பிடிக்கும், டீச்சர். இங்க ஏற்கெனவே ஆசிட் கலந்து வருது, நமக்கு வேலை மிச்சம்" என்றார். முகமெல்லாம் பெருமை. எனக்கே கைதட்ட வேண்டும்போல இருந்தது.

"பிடித்துப் பிடித்து நிரம்பிப்போன கரியை என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டேன்.

"மூட்டை கட்டி வெளிய வச்சிடச் சொல்லியிருக்கேன். முனிசிபாலிட்டி வண்டி எடுத்துட்டுப் போயிடும்" என்றார். பரீட்சைக்கு மணியாகிவிட்டதென்று ஓடினார்.

அடுத்த சில நாள் நான் உறைகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அளவெடுத்தேன். அப்போதுதான் பின்சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. "சாப்டீங்களா?" என்றது.

அந்த ஊரில் என்னிடம் 'தனியாவா' என்று கேட்காமல் பேச்சைத் தொடங்கிய முதல் ஆள் ரெஜினா. என் வயதுதான் இருக்கும். வீட்டிலேயே ரவிக்கை தைப்பவள். கணவருக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. வந்தால் சாப்பிடுவார், தூங்குவார், பேச்சு கிடையாது. ஒரே மகள் ஸ்டெல்லாவைப் போன வருடம் கைலாசபுரத்தில் கட்டிக் கொடுத்திருந்தாள். மாப்பிள்ளைக்குப் பெரிய ஃபாக்டரியில் வேலை, குவார்ட்டர்ஸ் வீடு. ஸ்டெல்லாவுக்கு இப்போது ஐந்தாம் மாதம்.

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது ரெஜினாவின் கிணறு. வருஷக்கணக்காகப் பட்டறைத் தண்ணீர் இறங்கி அது மஞ்சளாகிப்போயிருந்தது. "மஞ்சத்தூள் கரைச்ச மாதிரி இருந்துச்சு, டீச்சர். சம்பந்தி வீட்டுல அதைப் பாத்துட்டு, இந்தத் தண்ணி உள்ள வீட்டுக்குப் பிரசவத்துக்கு எப்படி அனுப்பறதுன்னுட்டாங்க. தலைப்பிரசவம் அம்மா வீட்டுலதான பாக்கணும்? சார் இந்த உறையை வச்சதுலேருந்து கொஞ்சம் கொஞ்சமாத் தெளியுது பாருங்க. ஏழாம் மாசத்துக்குள்ள நல்லாத் தெளிஞ்சிடும்ல?"

வாளியில் இறைத்துக் காட்டினாள். வெளிர் மஞ்சள். எவ்வளவு நாளில் தெளியும் என்று எனக்குத் தெரியவில்லை, அதையே சொன்னேன். தினமும் நான் போனதும் அவள் முதலில் வாளியை இறைப்பாள், பிறகுதான் டீ போடுவாள். டீயும் வாளியும் பேச்சுமாக அந்தச் சுவரோரம் எனக்குப் பிடித்துப்போயிற்று. மாலையில் ஸ்ரீரங்கம் திரும்பி மாடிப்படி ஏறும்போது, நாளைக்கு அவளிடம் என்னென்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டே ஏறுவேன்.

ஒருநாள் புது உமி வாங்க மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைக்குப் போனேன். திரும்பும்போது ஒரு மூட்டையைப் பஸ் மேலே போட்டார்கள், இன்னொன்றை உள்ளே வைத்தார்கள். நொச்சியம் தாண்டியதும் மேல் மூட்டை பிரிந்து, ஜன்னல் வழியாக உமி உள்ளே கொட்டத் தொடங்கியது. பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள், "கல்யாணத்துக்குப் போறேங்க, தலையெல்லாம் உமியாக்கிட்டீங்களே" என்று எழுந்துவிட்டார். கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, "அட்சதைன்னு நெனச்சுக்கங்கம்மா" என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். அதில் இன்னொரு மூட்டைதான் இருந்தது.

மறுநாள் இதை ரெஜினாவிடம் சொன்னபோது அவள் தையல் மெஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள். நான் கிளம்பும்போது ஒரு பழைய பவுடர் டின்னைக் கையில் வைத்தாள். உள்ளே கறுப்புப் பொடி.

"பல்லு தேய்க்க, டீச்சர். உமிக்கரி. உப்பும் கிராம்பும் போட்டு இடிச்சு, துணியில சலிச்சது. உங்க ஊர்ல கிடைக்காதுல்ல? கொஞ்சம் எரியும். எரிஞ்சாத்தான் ஈறுக்கு நல்லது."

ஒரு வருடத்தில் யாரும் எனக்கென்று எதையும் செய்து கொடுக்கவில்லை. பஸ்ஸில் அந்த டின்னை மடியில் வைத்துக்கொண்டே போனேன்.

ஞாயிற்றுக்கிழமை சூசைராஜ் குடும்பம் பூசைக்கும் உறவுக்காரர் வீட்டுக்கும் போய்விட்டது, பட்டறையும் பூட்டு. நான் கோயிலுக்குப் போனேன். தெற்கே ராஜகோபுரம் சாரம் கட்டிப் பாதி எழும்பி நின்றது. குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து பிரகாரத்தில் உட்கார்ந்து புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். தூணோரம் உட்கார்ந்து அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஆனந்தமா சேவிச்சேளா?" என்று வரதாச்சாரி கேட்டதற்கு ஆமாம் என்று பொய் சொன்னேன். அன்று நான் மனதாரச் செய்தது காலையில் அந்தப் பொடியைத் தொட்டுப் பல் தேய்த்தது ஒன்றுதான். நாக்கில் கிராம்பு வாசனை. உதட்டோரம் லேசாக உரிந்திருந்தது. திருச்சி வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம், ஊருக்குக் கொண்டுபோகக் குறித்துக்கொள்ளலாமென்று ரெஜினாவிடம் பக்குவம் கேட்டேன். உமியை மூட்டம் போட்டு எரிப்பாளா, சட்டியில் வறுப்பாளா என்று.

"நான் எங்க எரிக்கிறேன்?" என்றாள் ஊசியில் நூல் கோத்தபடி. "பாய் கடையில மூட்டை கட்டி வெளிய வைக்கிறாங்கல்ல, அதுதான். நாம எரிச்சா சாம்பல் கலந்து நாக்கெல்லாம் காரும். இது நல்லாத் தண்ணியில அலசின கரி, டீச்சர். சாம்பலே இருக்காது. காய வச்சு இடிக்க வேண்டியதுதான். சந்துல எல்லாரும் இதைத்தான் எடுக்கிறாங்க."

கரி அலசப்பட்டிருந்தது உண்மைதான். அது எந்தத் தண்ணீரில் என்பதுதான் அவளுக்குத் தெரியாது. பல் தேய்க்க உமிக்கரி எடுக்கிற ஊரில், நனைந்து சுத்தமாகத் தெரிகிற கரியை வாசலில் வைத்தால் அதைக் குப்பை என்று யார் நினைப்பார்கள்? மலேசியாவில் வைத்திருந்தால் நாய்கூட முகர்ந்திருக்காது.

அவளிடம் ஒன்றும் சொல்லாமல் நேரே சூசைராஜின் கல்லூரிக்குப் போனேன். என் டின்னிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் கலக்கி, வடிகட்டி, மருந்தை விட்டேன். ஊதா. உறையின் மேல் தண்ணீர் அளவுக்கு இல்லை, வெளிறிய ஊதா. ஆனால் சந்தேகமில்லாத ஊதா. பார்த்துக்கொண்டிருந்த சூசைராஜ் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

அன்று மதியமே அவரும் பாயும் வீடு வீடாகப் போய்ப் பொடியைத் திரும்ப வாங்கினார்கள். யாருக்காவது வாய்ப்புண் இருந்தால் டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். "அல்லா அறிய எனக்குத் தெரியாதும்மா. குப்பைன்னுதான் வெளிய வச்சேன்" என்றார் பாய். "குப்பைன்னு எழுதியா வச்சீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள். இனி அந்தக் கரியை, விஷம் வெளியே கசியாதபடி, சிமென்ட்டில் கலந்து கல்லாக அறுத்துவிடுவது என்று நாங்கள் மூவரும் முடிவு செய்தோம்.

ரெஜினாவிடம் சொல்லும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். முழுக்கக் கேட்டாள். எழுந்து உள்ளே போய்த் தன் டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பிறகு மெதுவாக, "ஸ்டெல்லாவுக்கும் ஒரு டின் குடுத்தனுப்பினேன், டீச்சர்" என்றாள்.

அவள் டின்னை எடுத்து என் பைக்குள் போட்டேன்.

"மாசமா இருக்கிற புள்ள. புள்ளைக்கு ஏதாவது ஆகுமா?"

"தெரியவில்லை ரெஜினா. எவ்வளவு தேய்த்தாள் என்று தெரிய வேண்டும். தேய்த்திருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இன்றைக்கே போக வேண்டும்."

"பூச்சி விழுந்துடுச்சுன்னு சொல்லி வாங்கிட்டு வந்துடலாமா? தண்ணி தெளிஞ்சுக்கிட்டு வருது, ஏழாம் மாசம் அனுப்பி வைங்கன்னு இப்பத்தான் சொல்லி அனுப்பியிருக்கேன். இதைச் சொன்னா அவங்க அனுப்பவே மாட்டாங்க."

அவள் சொன்னது நியாயம்தான். அவள் கொஞ்ச நேரம் மெஷின் சக்கரத்தைச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தாள். பிறகு புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

கைலாசபுரத்தில் எல்லாத் தெருவும் ஒரே மாதிரி, எல்லா வீடும் ஒரே மாதிரி, வாசலுக்கு வாசல் வேப்பமரம். ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டோம். ரெஜினா ஒரு வீட்டுக் கதவைத் தட்டினாள். லுங்கியோடு ஒரு மலையாளி வந்து எட்டிப் பார்த்தார். இன்னொரு வீட்டில் யாருமே இல்லை. "கல்யாணமானதுலேருந்து ரெண்டு தடவைதான் வந்திருக்கேன், டீச்சர். அடிக்கடி வந்தா மரியாதையா இருக்காதுன்னு" என்றாள். சொந்த மகள் வீடு தெரியாமல் வெயிலில் நின்ற அவளைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. கடைசியில் தபால்காரர் ஒருவர் காட்டினார்.

சம்பந்தியம்மாள் நல்லவிதமாகத்தான் வரவேற்றார். ஃபேன் போட்டார், எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார். "டீச்சர் மலேசியாவா? தனியாவா வந்தீங்க?" என்று என்னைக் கேட்டார். ஸ்டெல்லா கதவு நிலையில் சாய்ந்து நின்றாள், அம்மாவின் ஜாடை அப்படியே. ரெஜினா ஜூஸைத் தொடவில்லை. வழியெல்லாம் பூச்சி விழுந்த கதையைத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். மகளின் வயிற்றைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லைபோலும்.

"நான் குடுத்த பல்பொடியில விஷம் இருக்குங்க. பட்டறைத் தண்ணியில கிடந்த கரி. எனக்குத் தெரியாமப் போச்சு. ஸ்டெல்லா எத்தனை நாள் தேச்சான்னு சொன்னா, டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டாள்.

"நான் அதைத் தொடவே இல்லம்மா" என்றாள் ஸ்டெல்லா. "இங்க எல்லாரும் பேஸ்ட்தான்."

உள்ளே போய் முக்காலி போட்டு ஏறப் போனவளைச் சம்பந்தியம்மாள் தடுத்து, தானே பரணிலிருந்து டின்னை எடுத்துக் கொடுத்தார். ரவிக்கை தைத்து மிஞ்சிய பூப்போட்ட துணியைக் கிழித்து ரெஜினா கட்டிக் கொடுத்த நாடா. முடிச்சு அப்படியே இருந்தது.

"ஆண்டவர் காப்பாத்தினார்" என்று சம்பந்தியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு தணிந்த குரலில், "நீங்க மறைக்காமச் சொன்னதே பெரிசு, சம்பந்தி. ஆனா பிரசவம் இங்கயே இருக்கட்டும். ஆஸ்பத்திரி பக்கத்துலயே இருக்கு. நீங்க அப்ப வந்து பாத்துட்டுப் போங்க" என்றார்.

ரெஜினா ஸ்டெல்லாவைப் பார்த்தாள். ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள்.

"சரிங்க" என்றாள் ரெஜினா.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. டின் அவள் மடியில் இருந்தது. பிள்ளைக்கு ஒன்றும் இல்லை, அதுதான் முக்கியம் என்று சொன்னேன். ஆமாம் என்று தலையாட்டினாள். எனக்கும் நிம்மதிதான். ஆனால் அந்த நாடா முடிச்சை அவள் விரல் திரும்பத் திரும்பத் தடவுவதைப் பார்த்தபோது, அது அவிழ்ந்திருக்கக் கூடாதா என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்மேலேயே கோபம் வந்தது.

அரியமங்கலம் தாண்டிய பிறகுதான் பேசினாள்.

"டீச்சர், நீங்க தேச்சீங்களா?"

"தினமும்."

கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நான் ஏதோ தவறு செய்துவிட்டவள்போல, டாக்டரிடம் காட்டிக்கொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் என் பக்கம் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"நல்லா இருந்துச்சா?"

அதில் என்ன இருந்தது என்று சோதித்துப் பார்த்துச் சொன்னவள் நான்தான்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு, ரெஜினா" என்றேன். அது பொய்யில்லை.